மஞ்சள் இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஒரு முற்பகல் கொடுங்கள்

ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் தொடக்கக் கல்வியைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்கழிக் கடைசியிலோ தை தொடக்கத்திலோ, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடும் குறுவள மையக் கூட்டம் ஒன்றில், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு முற்பகலை ஒதுக்கித் தாருங்கள். அன்று ஒவ்வொரு ஆசிரியரும் தம் கையால் ஒரு வெயில் அச்சு எடுக்கட்டும். தாளில் மஞ்சள் பூசி, மேலே ஓர் இலையை வைத்து, வெயிலில் போட்டு, அந்த இலையின் உருவத்தைப் படமாக எடுக்கும் வேலை இது. கேமரா வேண்டாம், கரண்ட் வேண்டாம், இருட்டறை வேண்டாம். ஆசிரியர் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் போதும், அப்புறம் பிள்ளைகளோடு செய்ய அவருக்கு வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

நான் ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரன். டார்க் ரூமில், சிவப்பு விளக்கின் கீழ், டெவலப்பர் தட்டில் கிடக்கும் வெறும் தாளில் ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருவதைப் பல வருடம் பார்த்தவன். ஒளி பட்ட இடத்தில் ஒரு பொருள் மாறுகிறது, படாத இடத்தில் மாறாமல் இருக்கிறது. புகைப்படம் என்று இத்தனை காலம் நாங்கள் செய்ததெல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான். இன்றைக்கு ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தை பிறந்த நாளிலிருந்தே ஆயிரக்கணக்கான படங்களில் இருக்கிறது. ஆனால் படம் உண்டாவதை அது ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போனைத் தொட்டால் படம் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆறு, ஏழு வயதில் அதைக் கண்ணால் பார்க்கவும், காத்திருக்கவும், கையால் செய்யவும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று மனதார நம்புகிறேன். சில தலைமை ஆசிரியர்கள் அனுமதி கொடுத்ததால் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

மஞ்சள் ஏன் என்று கேட்பீர்கள். வெள்ளைச் சட்டையில் குழம்புக் கறை பட்டால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? சோப்புப் போட்டதும் கறை சிவக்கும். அலசிவிட்டு நல்ல வெயிலில் காயப் போடுவார்கள். சாயங்காலம் எடுக்கும்போது கறை மங்கியிருக்கும், இரண்டு மூன்று வெயிலில் போயே விடும். இந்த இரண்டு குணத்தையும் வைத்துத்தான் படம் எடுக்கப் போகிறோம். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் வெயில் பட்டால் சிதைந்து வெளுக்கும். சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும். விசேஷங்களில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுப்பதைப் பார்க்காத குழந்தை நம் பக்கத்தில் இல்லை. 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயும் தை, மாசியில்தான் நம் பள்ளிகளுக்கு மேகமில்லாத வெயிலும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே பருவத்தில் கைக்கு வருகிற ஊர்கள் அதிகம் இருக்காது.

இது நான் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பூக்கள், இலைகளின் சாறு வெயிலில் எப்படி வெளுக்கிறது என்று வரிசையாகச் சோதித்து எழுதினார். சாறு பூசிய தாளில் படம் எடுக்கும் வழி அதிலிருந்து வந்தது. அதே ஆண்டு அவர் கண்டுபிடித்த இன்னொன்றுதான் நீல அச்சு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பயிற்றுநர்கள் இதை வைத்தே தொடங்கிவிடலாம்.

மஞ்சள் நிறம் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. தூள் அடியில் தங்கும், தாள் திட்டுத் திட்டாக வரும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் நூறு மில்லியில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூளைப் போட்டு, மூடிக் குலுக்கி, சற்று நேரம் வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் தெளிந்த, அழுத்தமான மஞ்சள் இறங்கும். ஸ்பிரிட் தீப்பற்றும், குடித்தால் ஆபத்து. அதனால் இந்த ஒரு வேலையை ஆசிரியர் முந்தின நாளே, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், சத்துணவுக் கூடத்தின் அடுப்புக்குத் தள்ளி வைத்துச் செய்துகொள்ள வேண்டும். விரலி மஞ்சளாக வாங்கி அரைத்த தூள் நல்லது. நிறம் கலந்த கலப்படத் தூள் என்றால் வெயிலில் சரியாக வெளுக்காமல் போகலாம்.

தாளுக்கு ஓவிய வகுப்பின் கெட்டித் தாள் போதும். வகுப்புக்குள், வெயில் படாத மூலையில், பெயிண்ட் பிரஷ்ஷாலோ பஞ்சாலோ ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பூசிய தாள்களைச் செய்தித்தாளில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிடலாம்.

இலைகளையும் முந்தின நாளே பறித்து, நோட்டுக்குள் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பச்சை இலையை அப்படியே வைத்தால் வெயிலில் வியர்த்துத் தாளில் ஈரம் ஊறிவிடும். கண்ணாடித் துண்டு வைத்து அழுத்துவது பெரியவர்கள் செய்யும் முறை. சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், ஓரம் கிழிக்கும். அவர்களுடைய பரீட்சை அட்டையே இருக்கிறது. அதன் மேல் மஞ்சள் தாள், தாளின் மேல் இலை, இலைக்கு மேல் நிறமில்லாத பிளாஸ்டிக் ஷீட், மேலே அட்டையின் கிளிப், மற்ற மூன்று பக்கமும் துணி கிளிப். தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றில்கூட நகராது. (ஆடியில் மட்டும் முயல வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அட்டையையே தூக்கிக்கொண்டு போகும்.)

காலை பத்து மணிக்கு வெயிலில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை வேப்ப மரத்து நிழலுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெயிலைப் பொறுத்து ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். சாப்பாட்டு மணி அடிக்கும்போது பார்த்தால், திறந்திருந்த இடமெல்லாம் வெளிறி, சந்தன நிறத்துக்கு வந்திருக்கும். இலையை எடுத்தால், இலை இருந்த இடத்தில் மஞ்சள் அப்படியே இருக்கும். ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று, "டீச்சர், எலைக்குக் கீழ மட்டும் மஞ்ச அப்புடியே இருக்குதுங்க, மித்ததெல்லாம் வெயில் எடுத்துக்கிச்சுங்க" என்றாள். ஒளி வேதியியல் பாடத்தின் முதல் வரி அவளுக்கு அங்கே கிடைத்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மனப்பாடமும் செய்யவில்லை.

கடைசியாக, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துப் பஞ்சால் ஒற்றி எடுத்தால், மஞ்சளாக நின்ற இலை உருவம் ஆரஞ்சும் சிவப்புமாக அழுத்தம் பெறும். இந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கூவுவார்கள். கூவ விடுங்கள்.

இந்தப் படம் நிலைக்காது. மஞ்சள் அச்சை நிறுத்தி வைக்கும் மருந்து கிடையாது. சுவரில் மாட்டினால் மீதி மஞ்சளும் வெளுக்கும். நோட்டுக்குள் வைத்தால் நாள்பட இருக்கும். அந்தக் காலத்திலும் சாற்று அச்சு தொழிலாக வளராததற்கு இதுவும், வெயிலில் அது எடுத்துக்கொள்ளும் நேரமும்தான் காரணம். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு இதுவே ஒரு பாடம். வேண்டுமென்றே ஒரு படத்தை ஜன்னலில் ஒட்டி, இன்னொன்றை நோட்டுக்குள் வைத்து, மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் இன்னொன்று செய்யலாம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இலை வைக்காமல் வெறும் மஞ்சள் தாளை எடுத்து, மேலே ஓர் அட்டையை மூடி, ஒரு விரலளவு மட்டும் திறந்து வெயிலில் வையுங்கள். ஒவ்வொரு பீரியட் மணி அடிக்கும்போதும் ஒரு பிள்ளை ஓடிப்போய் அட்டையை இன்னொரு விரலளவு நகர்த்த வேண்டும். மதியம் அட்டையை எடுத்தால் தாளில் படிப்படியாகப் பட்டைகள் இருக்கும். முதல் மணிக்குத் திறந்தது வெளிறிக் கிடக்கும், கடைசியாகத் திறந்தது அடர்ந்து நிற்கும். அந்த நாளின் முற்பகல் அப்படியே தாளில் பதிந்திருக்கும். டார்க் ரூமில் எங்கள் வேலை இப்படி ஒரு துண்டுத் தாளில்தான் தொடங்கும், டெஸ்ட் ஸ்ட்ரிப் என்போம். மணி, நிமிடம், கூட, குறைய என்பதைப் படமாகப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நடுவில் மேகம் வந்தால் அந்தப் பட்டைகளுக்கிடையே வித்தியாசம் குறைந்திருக்கும். "ஏனுங்க, மேகம் வந்தா படம் நின்னு போயிருமுங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். நிற்காது, மெதுவாகும். ஆனால் அந்தக் கேள்வியை அவனே அல்லவா கேட்டான்!

எந்த இலை என்று ஆசிரியர் தீர்மானிக்க வேண்டாம். காங்கயம் பக்கத்துப் பிள்ளை கொறங்காடு என்னும் மேய்ச்சல் காட்டிலிருந்து கொழுக்கட்டைப் புல்லையும் வேலியிலிருந்து கிளுவையையும் கொண்டு வரும். பொள்ளாச்சிப் பிள்ளை தென்னங்குருத்தைக் கிழித்துப் பின்னிக் கொண்டு வரும். திருப்பூர்ப் பிள்ளைக்குப் பனியன் கட்டிங்கில் விழும் துண்டும் நூலும் கிடைக்கும். பவானிப் பிள்ளை வீட்டில் தறி நூல் இருக்கலாம். முருங்கை ஈர்க்கு, ஆவாரம்பூ, எருக்கங்காய் வெடித்த பஞ்சு, கோழி இறகு, எல்லாமே படமாகும். எது அழகாக விழும், எது வெறும் மஞ்சள் திட்டாக விழும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். தாளோடு ஒட்டிக் கிடப்பது கூராக விழும், தூக்கி நிற்பது ஓரம் கலங்கி விழும். நிழலைப் பற்றி அதற்குமேல் அந்த வயதில் எதுவும் சொல்ல வேண்டாம்.

சரி, நீல அச்சு. இதை நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், அதுவும் ஆசிரியர்கள் மஞ்சளில் கை பழகிய பிறகு, பரிந்துரைக்கிறேன். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு இரும்பு உப்புகள் இதற்கு வேண்டும். முதலாவது 25 கிராம் நூறு மில்லி தண்ணீரில், இரண்டாவது 10 கிராம் நூறு மில்லி தண்ணீரில், தனித்தனியாகக் கரைத்து, பூசும்போது சம அளவில் கலப்பது வழக்கமான கணக்கு. பூசி இருட்டில் காய்ந்த தாள் வெளிர் பச்சையாக இருக்கும். நம் ஊர் வெயிலில் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் போதும். தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகவும், இலை இருந்த இடம் வெள்ளையாகவும் நிற்கும். மஞ்சளில் வெயில் நிறத்தை எடுக்கிறது, இதில் வெயில் நிறத்தைக் கொடுக்கிறது. இரண்டையும் செய்த குழந்தை இந்த வித்தியாசத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பழைய காலத்துக் கட்டட வரைபடங்கள் நீலத் தாளில் வெள்ளைக் கோடாக இருந்ததும் இதே முறையால்தான். ஹெர்ஷலின் குடும்ப நண்பரான அன்னா அட்கின்ஸ் என்ற பெண், வரைவதற்கு மிகக் கடினமான கடற்பாசிகளை இப்படி நீலத்தில் அச்செடுத்து, 1843 முதல் பத்து வருடம் பகுதி பகுதியாக வெளியிட்டார். புகைப்படங்கள் கொண்ட முதல் புத்தகம் அதுதான். செடியைத் தாளில் வைத்து வெயில் காட்டிய ஒரு பெண்ணின் கதை, நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த கதை.

இரண்டாவது உப்பின் பேரிலேயே சயனைடு இருப்பதால் பெற்றோர் பயப்படுவார்கள். பயம் நியாயமானது, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு. அந்த உப்பில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. சாதாரணமாகக் கையாளும்போது அது பிரிந்து வராது, நச்சுத்தன்மை குறைவு. ஆனால் கடுமையான அமிலத்தோடு சேர்ந்தாலோ, அதோடு சூடும் பட்டாலோ நச்சு வாயு வரும். நம் பள்ளிகளில் கழிவறை கழுவ ஆசிட் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில் இந்தக் கரைசலுக்கோ தட்டுக்கோ பக்கத்தில் வரவே கூடாது. கரைப்பதையும் பூசுவதையும் பக்கத்து மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர் கையுறை போட்டுச் செய்து, காய்ந்த தாளாகத் தொடக்கப் பள்ளிக்குக் கொடுப்பதே முறை. பிள்ளைகள் இலை வைக்கட்டும், நேரம் பார்க்கட்டும். அலசும்போது இடுக்கியோ கையுறையோ இருக்கட்டும், முடித்ததும் கை கழுவட்டும். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது. சட்டையில் பட்டால் நீலம் லேசில் போகாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

திருப்பூரிலும் கரூரிலும் இன்னொரு கேள்வி வரும், வர வேண்டும்: அலசிய தண்ணீர் எங்கே போகும்? நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் என்ன ஆயின என்று பார்த்தவர்கள் நாம். 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. ஒரு வகுப்பு அலசும் தண்ணீர் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, உண்மைதான். ஆனாலும் முதல் அலசலை ஒரு வாளியில் பிடித்து, மேல்நிலைப் பள்ளி ஆய்வகக் கழிவோடு சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அளவு சின்னது என்பதால் விட்டுவிடலாம் என்று குழந்தைகள் முன்னால் நாம் காட்டக் கூடாது.

தண்ணீரைப் பற்றி ஒரு சின்னச் சேதி. போர் தண்ணீர் உப்பாக, காரமாக இருக்கும் ஊர்களில் நீலம் மங்கிப்போகும், காரம் இந்த நீலத்தைத் தின்னும். அங்கே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கிடைக்காவிட்டால் முதல் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம். எலுமிச்சை மெல்லிய அமிலம், அதனால் ஆபத்தில்லை. ஆசிட்டையும் எலுமிச்சையையும் யாரும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இனி மனவருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் இதைச் செய்தபோது, விருந்தினர் வருகிறார் என்று பெரியவர்களே இலையை அடுக்கி, பெரியவர்களே அலசி, படங்களைச் சட்டமிட்டு, பிள்ளைகள் பெயரை எழுதி மாட்டினார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இலையை எங்கே வைப்பது என்று யோசிப்பதும், எப்போது எடுப்பது என்று தவிப்பதும், பொறுக்காமல் நடுவில் தூக்கிப் பார்த்துக் கெடுத்துக்கொள்வதும், மறுபடி செய்வதும்தான் இதில் குழந்தைக்குக் கிடைக்கும் கல்வி. அதைத்தான் அன்று நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். ஆகவே அலுவலர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: சுற்றறிக்கை அனுப்பினால் இதைப் போட்டியாக்க வேண்டாம், முதல் பரிசு வேண்டாம், எத்தனை படம் எடுத்தீர்கள் என்று பதிவேற்றச் சொல்லும் படிவமும் வேண்டாம். கெட்டுப்போன படத்தையும் குழந்தை வீட்டுக்கு எடுத்துப்போகட்டும்.

புதிதாக ஒரு திட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் மூலம் செய்து கற்பது சின்ன வகுப்புகளில் பழக்கமாகியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. ஐந்தாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்கும் அப்படி ஏதாவது வேண்டும் அல்லவா? இதற்கு வேண்டிய பொருளில் பெரும்பகுதி பள்ளியிலும் பிள்ளைகள் வீட்டிலும் இருக்கிறது. ஸ்பிரிட்டும் கெட்டித் தாளும் வாங்கும் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேட்டாலே கிடைத்துவிடும். மஞ்சளை, நம் பக்கத்தில், கேட்காமலே யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது முற்பகலாகப் பாருங்கள், பிற்பகல் வெயில் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்திருக்க வேண்டும். சித்திரைக்குத் தள்ளினால் பள்ளி இருக்காது, இருந்தாலும் அந்த வெயிலில் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது. ஆசிரியர்களிடம் ஆளுக்கு ஒரு பரீட்சை அட்டையும், நோட்டுக்குள் அழுத்திய இரண்டு இலைகளும் கொண்டுவரச் சொன்னால் போதும். பூசிக் காயவைத்த தாள்களை எந்தக் குறுவள மையத்துக்கு வேண்டுமானாலும் நானே கொண்டுவந்து தருகிறேன், பயணச் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையம் வட்டாரத்திலிருந்து
ஒரு பழைய ஸ்டுடியோக்காரன்